எழுநூறு கிராம்

இன்னொரு டீ போடுங்கக்கா. நாலாவது, தெரியும், நானும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். பெஞ்சை வளைத்துப் போட்டுக்கொண்டாளே என்று பார்க்காதீங்க, ஆள் வந்தால் எழுந்து நின்றுகொள்கிறேன். சர்க்கரை வேண்டாம். இல்லை, போடுங்க. அரை ஸ்பூன். சரி, முக்கால்.

ஆமாங்க, டிவியில் வந்தவள்தான். நீங்க பார்த்த பார்வையிலேயே புரிந்தது. 'மோதிப் பார்' நிகழ்ச்சியில் 'டைனமைட் சிந்தாமணி' என்று பேர் போட்டு, பின்னால் நெருப்பு எரிய விட்டார்களே, அந்த ஆள் நான்தான். இப்போது யாராவது அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் கை ஓங்கிவிடுவேன். நீங்க கூப்பிடலாம், டீ குடுக்கறீங்க.

திருப்பூரிலிருந்து வருகிறேன். எதிரே பிள்ளைகளுக்குக் கிக்பாக்ஸிங் சொல்லித்தருகிற தகரக் கொட்டகைக்குத்தான். ஷீபாவைப் பார்க்க. ரோட்டைத் தாண்டினால் இருபது அடி இருக்குமா? ஆறரை மணிக்கு இந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். இப்போது மணி என்ன, ஒன்பதா? ரிங்குக்குள் என்னை விட ஒரு ஜாண் உயரமானவளோடு இறங்கியிருக்கிறேன், கால் இப்படி ஒட்டிக்கொண்டதில்லை.

மன்னிப்புக் கேட்க வந்தேங்க.

எதற்கா? நீங்களும் பார்த்திருப்பீங்களே. ஷீபா எடை கூடிப் போய் அந்த நிகழ்ச்சியை விட்டு வெளியே போனாள். சாப்பாட்டுக் கட்டுப்பாட்டை மீறி ஒளிந்து தின்றாள் என்று சொன்னார்கள். ஊரே நம்பியது. நீங்களும் நம்பினீங்கதானே? நம்பாமலா இருந்தீங்க? அவள் ஒளிந்து ஒன்றும் தின்னவில்லை. அது நான் பண்ணின வேலை.

டம்ளரை ஏனுங்க அப்படி வைக்கிறீங்க? முழுக்கக் கேளுங்க. முழுப் பழியும் என் மேல் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிகழ்ச்சி நடத்தினவர்கள் பங்கு பாதி. ஷீபாவின் வாய்க்குக் கால். என் பங்கு கால். அந்தக் கால் பங்குக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். அதற்கே வராதவர்கள் எத்தனை பேர்?

என் தொழில் கட்டிங் வேஸ்ட். பனியன் கம்பெனியில் துணி வெட்டின பிறகு விழுகிற துண்டு இருக்கிறதே, அதை மூட்டை மூட்டையாக வாங்கி, மெஷின் துடைக்க வாங்குகிறவர்களுக்கு எடை போட்டு விற்பது. பதினெட்டு வயதில் கம்பெனி வாசலில் நிற்க ஆரம்பித்தேன். அப்பன் இல்லை, அண்ணன் இருந்தும் இல்லை. பேசத் தெரியாவிட்டால் அந்த வாசலில் உங்களை மூட்டையோடு சேர்த்துத் தூக்கி வண்டியில் போட்டுவிடுவார்கள். பேசக் கற்றுக்கொண்டேன். எதைக் கேட்டாலும் பாதியில் ஆரம்பிப்பேன். டாக்டர் பத்து நாள் மாத்திரை எழுதினால் அஞ்சு நாள் போதாதுங்களா என்று கேட்பேன். பழகிப்போன வாய்.

ஒரு தடவை என் லோடை மடக்கப் பார்த்தவனை நடுரோட்டில் அடித்தேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தர் கிக்பாக்ஸிங் ஜிம் வைத்திருந்தார். "அடி நல்லா விழுகுது, கோபத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கிட்டு வாம்மா" என்றார். அடியைக் கற்றுக்கொண்டேன். கோபத்தைத்தான் குறைக்க முடியவில்லை. அப்படித்தான் அந்த நிகழ்ச்சி வரைக்கும் போனேன்.

கடலோரம் ஒரு பங்களா. பன்னிரண்டு பெண்கள். வெளியே போக முடியாது, போன் கிடையாது, மூலைக்கு மூலை கேமரா. சண்டை இல்லாத நாளில் சாப்பாடு ஆறிப்போய் வரும். நாங்கள் ஒருத்தியை ஒருத்தி கிழித்துக்கொண்ட நாளில் பிரியாணி வரும். யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை, ஆனால் மூன்றாவது நாளே எல்லாருக்கும் புரிந்துவிட்டது. அப்புறம் என்ன? ஒருத்தி இன்னொருத்தியின் கிளவுஸுக்குள் மிளகாய்த்தூள் தூவினாள். ஒருத்தி பல்லுக்கு மாட்டுகிற ரப்பரை எடுத்துக் கக்கூஸ் தண்ணீரில் போட்டுத் திரும்ப டப்பாவில் வைத்தாள். நான் ஒருத்தியின் ஷூவை நீச்சல் குளத்தில் எறிந்தேன், இன்னொருத்தியின் படுக்கையில் தயிர் ஊற்றினேன். சிரித்தோங்க. இப்போது சொல்ல வாய் கூசுகிறது, அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஷீபா அதில் எதிலும் சேரவில்லை. யாரோ அவள் தலையணைக்குள் கருவாட்டைச் செருகினார்கள். சரி, நான்தான். காலையில் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "ஏட்டி, இது எங்க ஊர்ச் சரக்கு இல்ல, பழசு. ஏமாத்திட்டானுவ உன்னை" என்றாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். எப்படித் தெரிந்ததோ.

அதற்குக்கூடக் கோபம் இல்லை எனக்கு. முதல் வாரப் பயிற்சிச் சண்டையில் என்னை ஒரே உதையில் உட்கார வைத்தாள். கை கொடுத்துத் தூக்கிவிட்டு, கேமராவுக்கு முன்னால் வைத்துச் சொன்னாள்: "ஏட்டி சிந்தா, நீ சண்டை போடல. பேரம் பேசுத. ஒரு அடி குடுத்துட்டு ரெண்டு அடி பின்னால போற."

எல்லாரும் சிரித்தார்கள். அதற்கு மேளம் சேர்த்துப் பத்து தடவை ஓட்டினார்கள். திருப்பூரில் கம்பெனி வாசலில் என்னிடம் துண்டுத் துணி விற்கிற கணக்கப்பிள்ளை வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டினான் என்று பின்னால் தெரிந்தது. ரோசம் வராதா? உங்களுக்கு வராதா? அதைத்தான் சொன்னேன், அவள் வாய்க்குக் கால் பங்கு என்று.

ஆனால் ஒன்று. அவள் சொன்னது நிஜம். அதுதான் ஆத்திரம்.

அதற்கப்புறமும் தினம் காலையில் என் கையில் கட்டுத்துணி சுற்றிவிட்டது அவள்தான். நான் சுற்றினால் அவிழ்ந்துவிடும். அவள் சுற்றினால் கல் மாதிரி நிற்கும். பதிலுக்கு நான் அவளுக்குத் தலை பின்னிவிடுவேன். இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி. சண்டையில் அவிழக் கூடாது என்று இறுக்கி இறுக்கிப் பின்னி, சுருட்டிக் கட்டுவேன். "வலிக்குதுடி" என்பாள். "வலிக்கட்டும்" என்பேன். இதுதான் எங்கள் பேச்சு. சிநேகமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எனக்கு வாங்குகிறவர்கள் உண்டு, விற்கிறவர்கள் உண்டு. வேற ஆட்களைப் பழக்கமில்லை.

ஆறாவது வாரம் சீட்டு எடுத்தார்கள். எனக்கு ஷீபா. தோற்றவள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நான் தோற்பேன் என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், சமையல்காரருக்குக்கூடத் தெரியும்.

இப்போது எடை விஷயத்தைச் சொல்கிறேன், கேளுங்க. எங்கள் பிரிவுக்கு ஐம்பத்திரண்டு கிலோ. சண்டைக்கு முந்தின நாள் பதினோரு மணிக்கு மேடையில் எடை பார்ப்பார்கள். அதற்கு மேல் இருந்தால் ஒரு மணி நேரம் கொடுப்பார்கள். அதற்குள் குறைக்காவிட்டால் வெளியே. அதனால் ரெண்டு நாளாக உப்பு இருக்காது, ஒரு நாளாகத் தண்ணீர் இருக்காது. வாயைக் கொப்பளித்துத் துப்புவோம். பங்களா நடையில் ஒரு எடை மெஷின் இருந்தது. விடிந்ததும் அதில் ஏறிப் பார்ப்போம். கொஞ்சம் கூட இருந்தால் போர்வையைச் சுற்றிக்கொண்டு ஓடி வேர்வையாக இறக்குவோம். குறைவாக இருந்தால் அந்த இடைவெளிக்கு ஒரு வாய் தண்ணீர். அந்த மெஷின் சொல்வதுதான் எங்களுக்கு வேதம்.

மெஷினைப் பற்றி எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. தொழிலுக்கு வந்த முதல் வருஷம் என்னிடம் மூட்டை வாங்கினவன் ஒருத்தன், எடை மெஷினின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவில் துணியை மடித்துத் திணித்து வைத்திருந்தான். பாதி பாரத்தைத் துணி தாங்கிக்கொள்ளும். மெஷின் குறைத்துக் காட்டும். எட்டு மாசம் எனக்குத் தெரியாது. கண்டுபிடித்த அன்றைக்கு அவன் கடை வாசலில் உட்கார்ந்து அழுதேன். பிறகு எழுந்து அவனை அடித்தேன்.

அதையேதான் நான் ஷீபாவுக்குச் செய்தேன்.

விடிவதற்கு முன்னால் எழுந்து போய், கையில் கட்டுகிற நீலப் பனியன் துண்டை நாலாக மடித்து மெஷினுக்கு அடியில் திணித்தேன். நானே ஏறிப் பார்த்தேன். எழுநூறு கிராம் குறைத்துக் காட்டியது. ஒரு கிலோவுக்குப் போனால் சந்தேகம் வரும், எழுநூறு போதும் என்று கணக்குப் போட்டேன். எவ்வளவு நிதானம் பாருங்க. கோபத்தில் செய்தேன் என்று சொல்ல முடியாது. அதுதான் அசிங்கம். கோபத்தில் செய்திருந்தால் இந்நேரம் ரோட்டைத் தாண்டியிருப்பேன்.

ஷீபா எழுந்து வந்தாள். உதடு வெடித்து இருந்தது. மெஷினில் ஏறினாள். ஐம்பத்தொன்று புள்ளி ஆறு. நிஜத்தில் முன்னூறு கிராம் கூட இருந்தாள். ஒரு மணி நேரம் ஓடியிருந்தால் இறங்கியிருக்கும். ஆனால் மெஷின் அவளுக்கு நானூறு இடம் இருக்கிறது என்று சொன்னது. "மாதாவே" என்று சிரித்தாள். ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு மடக்காகக் குடித்தாள். ஒரு ஆரஞ்சுப்பழம் உரித்தாள். உரித்துப் பாதியை என்னிடம் நீட்டினாள்.

"உனக்கும் இடம் இருக்கான்னு பாத்துட்டுத் தின்னுடி" என்றாள்.

தின்றேன். எனக்கு இடம் இருந்தது.

அவள் அந்தப் பக்கம் போனதும் மெஷினுக்கு அடியிலிருந்து துண்டை உருவி இடுப்பில் சொருகிக்கொண்டேன்.

மேடையில் ஐம்பத்திரண்டு புள்ளி ஏழு என்று வந்தபோது அவள் முகத்தைப் பார்க்கணும் நீங்க. மெஷினை விட்டு இறங்கி மறுபடி ஏறினாள். மறுபடி அதேதான். அழவில்லை. ஓட ஆரம்பித்தாள். மேலே ரெயின்கோட், அதற்கு மேல் ரெண்டு போர்வை, அந்த வெயிலில். அரை மணி நேரம் ஓடிவிட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். கையில் கத்தரிக்கோல்.

"நீ வெட்டுடி. துணி வெட்டுற ஊர்க்காரி, உன் கை நடுங்காது" என்றாள்.

காலையில் நான் பின்னிவிட்ட பின்னல்தான். கழுத்தோடு வைத்து வெட்டினேன். லேசில் வெட்டுப்படவில்லைங்க, அவ்வளவு கனம் பின்னல். ரெண்டு கேமராவைக் கிட்டத்தில் கொண்டு வந்தார்கள். என் கை நடுங்கவில்லை. அவள் சொன்னது சரி. அந்த முடியைத் தனியாக வைத்து எடை பார்த்தார்கள், நிகழ்ச்சிக்கு நன்றாக இருக்கும் என்று. நூற்றைம்பது கிராம். அவ்வளவு நீள முடிக்கு அவ்வளவுதான்.

கடைசியில் இருநூறு கிராம் கூட இருந்தது. அனுப்பிவிட்டார்கள். நடுவராக இருந்தவர் "வாயைக் கட்டத் தெரியாதவங்களுக்கு ரிங் எதுக்கு?" என்றார். முதல் வாரம் அவள் பரோட்டாவைப் பிய்த்துத் தின்றதைப் படம் எடுத்திருந்தார்கள் அல்லவா, அதை எடுத்து அன்றைக்குத் தின்ற மாதிரி ஒட்டிவிட்டார்கள். அதனால்தான் சொல்கிறேன், அவர்கள் பங்கு பாதி என்று.

ஏன் இப்படிப் பார்க்கறீங்க?

பரோட்டா ஷீபாவா? இங்கேயும் அப்படியா கூப்பிடுகிறார்கள்? சின்னப் பிள்ளைகளா?

பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் வேலை தருவதாகச் சொல்லி இருந்தார்களா? அது எனக்குத் தெரியாதுங்க. சத்தியமாகத் தெரியாது. ஒழுக்கம் போதாது என்று சொல்லிவிட்டார்களா? முப்பது பிள்ளைகள் வந்துகொண்டிருந்த இடமா அது? காலையிலிருந்து எண்ணினேன், ஏழு பேர்தான் உள்ளே போனார்கள். மழைக்குப் பயந்து மற்றவர்கள் வரவில்லை என்று நினைத்தேன்.

நான் அடுத்த சுற்றுக்குப் போனேன். நாற்பது விநாடியில் கீழே கிடந்தேன். அதுவாவது உங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும்.

இந்தக் கவரா? ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்றால் விடுங்களேன்.

சொல்கிறேன். இவ்வளவு சொல்லிவிட்டு இதை மறைத்து என்ன ஆகப் போகிறது. போன மாசம் போன் வந்தது. ஷ்ரவன் என்று ஒரு பையன், காதில் எப்போதும் வயர் மாட்டிக்கொண்டு பங்களாவில் சுற்றுவான். "அக்கா, நீங்க மெஷினுக்கு அடியில துணி வச்ச வீடியோ எங்ககிட்ட இருக்கு" என்றான். அன்றைக்கே பார்த்திருக்கிறார்கள். பார்த்துக்கொண்டே அவளை ஓட விட்டிருக்கிறார்கள், முடியை வெட்ட விட்டிருக்கிறார்கள். இப்போது அடுத்த சீசனுக்கு அது வேண்டுமாம். நானும் ஷீபாவும் எதிரெதிரே உட்காருவோமாம். நான் உண்மையைச் சொல்லி அழ வேண்டுமாம். அவள் அறைந்தாலும் நல்லதாம்.

நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? 'அடப்பாவிகளா, பார்த்துக்கொண்டா இருந்தீங்க?' என்று கேட்டிருக்கணும். கேட்கவில்லை. "எவ்வளவு தருவீங்க?" என்று கேட்டேன்.

மூணு நாள் பேரம் பேசினேங்க. என் வெட்கத்துக்கு விலை ஏற்றி ஏற்றிப் பேசினேன். அறை வாங்குவதற்குத் தனி ரேட் கேட்டேன். அவன் ஒத்துக்கொண்டான். "ஆனா ஷீபா போனை எடுக்க மாட்டேங்குறாங்க. நீங்க நேர்ல போய்க் கையெழுத்து வாங்கிட்டு வாங்க" என்றான். அந்த ஒப்பந்தம்தான் இந்தக் கவரில் இருக்கிறது. அவளுக்கும் பணம் உண்டு. அவள் மேல் இருக்கிற கெட்ட பேரும் போகும். அவளுக்கு நல்லதுதானே? பஸ்ஸில் வரும்போது முழுக்க அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். அவளுக்கு ஒரு உதவி செய்யப் போகிறேன் என்று. மன்னிப்புக் கேட்பது, கையெழுத்து வாங்குவது, ரெண்டும் ஒரே நடையில் முடிந்துவிடும் என்று.

அதே டம்ளரை எத்தனை தடவை துடைப்பீங்கக்கா? திட்டினாலும் பரவாயில்லை.

இருங்க. வெளியே வருகிறாள். அந்த முடி இன்னும் தோளைக்கூடத் தாண்டவில்லையே. என்ன தூக்கிக்கொண்டு வருகிறாள்? எடை மெஷினா?

ஓ, ஞாயிற்றுக்கிழமை போட்டியா? பிள்ளைகளுக்கு எடை பார்க்கிறாளா?

அக்கா, அவள் என்ன செய்கிறாள்? எதற்குக் குனிந்து மெஷினுக்கு அடியில் கையை விட்டுத் துழாவுகிறாள்? முதல் பிள்ளை ஏறி இறங்கிவிட்டது. பாருங்க, ரெண்டாவது பிள்ளைக்கு முன்னாலும் துழாவுகிறாள். எப்போதும் இப்படித்தானா?

எப்போதிலிருந்து?

டிவியிலிருந்து வந்த நாள் முதலாகவா?

அவளை அனுப்பின அன்றைக்கு, பெட்டியை எடுக்க அவள் பங்களாவுக்குள் வந்தாள். அந்த நடையில் மெஷின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். அழுகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. தேடியிருக்கிறாள். துண்டை நான் எடுத்துவிட்டேன், ஆனால் பனியன் துணி நூல் விடும். மெஷினின் ரப்பர்க் காலில் நீல நூல் ஒட்டியிருந்திருக்கும். அந்த வீட்டில் நீலத் துண்டு வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். அந்தத் துண்டைத் தினமும் என் கையில் சுற்றிவிட்டவள் அவள்.

அன்றைக்கே தெரிந்திருக்கிறது அவளுக்கு. போகும்போது என்னைப் பார்த்து, "கையில கட்டுறதை இனி யாருகிட்டயாவது கத்துக்கோடி" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் அதை அக்கறை என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு வருஷமாக வாயைத் திறக்கவில்லையே அக்கா. ஊர் பரோட்டா என்று கூப்பிட்டபோதும், வேலை போனபோதும், பிள்ளைகள் நின்றபோதும். ஒரு போன் போட்டிருந்தால் என் மானத்தைக் கிழித்திருக்கலாம். போடவில்லை. நானாகச் சொல்வேன் என்று இருந்தாளா? இல்லை, என்னைத் திட்டக்கூட என் பேரை வாயில் எடுக்கக் கூடாது என்று இருந்தாளா?

உண்மையை வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன், அதற்கு ஒரு விலை இருக்கிறது என்று நினைத்தேன். அது எப்போதோ அவளிடம் இருந்திருக்கிறது. என் கையில் விற்க ஒன்றும் இல்லை.

கால் பங்கு இல்லைங்க. பாதியும் இல்லை. அவர்கள் பார்த்துக்கொண்டு இருந்தது அவர்கள் பாவம், அதை அவர்கள் சுமக்கட்டும். துணியை மடித்தது நான். ஆரஞ்சு தின்றது நான். முடியை வெட்டினது நான்.

இந்தக் கவரை அடுப்பில் போட்டுவிடுங்க. கையெழுத்து வாங்க வந்தேன் என்று அவளிடம் சொல்லிவிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். இது ஒன்றை மட்டும் விட்டுவிடலாம். மற்றதெல்லாம் சொல்லிவிடுகிறேன்.

இருங்க. போடாதீங்க. குடுங்க.

பார்த்தீங்களா, இப்போதும் ஒன்றைக் கழிக்கப் பார்க்கிறேன். இதையும் கையில் எடுத்துக்கொண்டுதான் போகணும். இதை முதலில் காட்டணும்.

இந்தாங்க டீக்கு. மீதி வேண்டாம். எவ்வளவு என்று கேட்கவில்லை, பார்த்தீங்களா? என் வாழ்க்கையில் முதல் தடவை.

நிமிர்ந்து பார்க்கிறாள். என்னைத்தான். காலையிலேயே பார்த்திருப்பாள், இந்த பெஞ்ச் அவள் வாசலுக்கு நேராகத்தானே இருக்கிறது. சிரிக்கவில்லை. கூப்பிடவும் இல்லை. பிள்ளைகள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

அந்த மீன் வண்டி போகட்டும், போகிறேன்.

போய்விட்டது.

ரோட்டில் இப்போது ஒன்றும் இல்லை அக்கா.